மூச்சு வாங்காத வண்டி

அன்பு மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் அடுத்த வரிக்குப் போகிறேன். இங்கே நான் சுகம். என் வலது மணிக்கட்டு மட்டும் என்னோடு ஒத்துப்போகவில்லை. உன் அக்கா அந்தப் பராமரிப்பு இல்லத்தில்தான் இருக்கிறாள், உடம்பு சுகம். உடம்பு அல்லாத மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன், வழிமுறையைப் பிறகு எழுதுகிறேன். நீ ஆசையாக வாங்கி அனுப்பிய, வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் அந்தக் குரூஸ் கண்ட்ரோல் பெட்டியை வண்டியிலிருந்து கழற்றி உனக்கே திருப்பி அனுப்பப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஓர் உதாரணம் சொல்ல ஆரம்பித்தாலே நீ, "அத்தான், ஒரு நிமிஷம், வேற யாரோ கூப்பிடுறாங்க" என்று போய்விடுகிறாய். அது எப்படியோ, நான் உதாரணம் சொல்லும்போதுதான் உலகம் முழுவதும் உன்னைத் தேடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

மணிக்கட்டை டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "சார், மூட்டு நல்லா தேஞ்சிருக்கு. இனிமே எதையும் முறுக்குற வேலை கூடாது" என்றார். மோட்டார் சைக்கிள் ஓட்டுவது என்றாலே முறுக்குகிற வேலைதானே. ஆக்சிலேட்டரை இல்லத்து வாசல் வரைக்கும் முறுக்கிப் பிடிக்க வேண்டும், விட்டால் வண்டி நின்றுவிடும். என் மகள் அங்கேயே தீர்ப்பு எழுதினாள்: "வண்டிய வித்துடுங்கப்பா. பஸ்ல போங்க. அம்மாவுக்கு நீங்க எதுல வந்தாலும் ஒண்ணுதான்." நீயும் அதையேதான் கேட்டாய், பஸ்ஸில் போவதில் என்ன கஷ்டம் என்று. அப்போது நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரும் அழுவீர்கள் என்று பயமாக இருந்தது. இப்போது சொல்கிறேன். அழுவதானால் அடுத்த பத்தி முடிந்த பிறகு அழு, நடுவில் நிறுத்தாதே.

அந்த இல்லம் இருக்கும் இடம் உனக்குத் தெரியும். ஊர் முடிந்ததும் ஒரு பாலம், பாலத்துக்கு அப்பால் வளைவே இல்லாத நேர்ச்சாலை, சாலையின் முடிவில் சின்ன மேடு, மேட்டின் மேல் இல்லம். வழியில் கட்டடம் இல்லை, மரம்கூட அதிகம் இல்லை. அதனால் பாலத்தைத் தாண்டும் வண்டியின் சத்தம் அவள் ஜன்னலுக்கு நேராக வந்து சேர்ந்துவிடும். அவளுக்கு என் முகம் மறந்துபோய் நாளாகிவிட்டது, அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு: அவளுக்கு என் வண்டி மறக்கவில்லை. வண்டி பாலத்தைத் தாண்டியதும் ஜன்னலோரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "வாத்தியார் வந்துட்டாரு" என்பாளாம். இல்லத்துப் பெரிய சிஸ்டர்தான் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு, உன் அக்கா தானாகவே தட்டை முன்னால் இழுத்துவைத்துச் சாப்பிட ஆரம்பித்துவிடுவாளாம். நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போவதற்குள் பாதிச் சாப்பாடு முடிந்திருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க, உக்காருங்க. எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் வந்தாரு. வண்டிய நிறுத்திட்டு வருவாரு" என்பாள். நானும் உட்காருவேன். நாங்கள் இரண்டு பேரும் எனக்காகக் காத்திருப்போம்.

சிரிக்காதே, அது நல்ல நேரம். வந்தவருக்குப் பேச்சுத்துணை வேண்டும் என்று என்னைப் பற்றி என்னிடமே சொல்வாள். "நல்ல மனுஷன்தான். ஆனா எதையும் சுருக்கமா சொல்லத் தெரியாது. மழை பெய்யுதுன்னு சொல்லணும்னா கடல்ல இருந்து ஆரம்பிப்பாரு." நான், "அப்படிங்களா?" என்று கேட்டுக்கொள்வேன். நோய் இந்த விஷயத்தில் எதையும் மாற்றவில்லை, முன்பும் அவள் இதை என் முகத்துக்கு நேரேதான் சொல்வாள். ஆனால் முன்பெல்லாம் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். இப்போது என் கையில் பாதி பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுச் சொல்கிறாள்.

ஒருநாள் டயர் பஞ்சராகி பஸ்ஸில் போனேன். ஜன்னலில் சத்தம் எதுவும் வரவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அவள் சாயங்காலம் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டைத் தொடவில்லை. "அவர் வரட்டும்" என்றாள். பஸ்ஸில் எனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டாயே, இதுதான். பஸ்ஸில் நான் போய்ச் சேருவேன், அவள் கணவர் போய்ச் சேரமாட்டார்.

கையும் பிழைக்க வேண்டும், வண்டியும் போக வேண்டும் என்று நான் புலம்பியபோதுதான் நீ அந்தப் பெட்டியை அனுப்பினாய். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அது வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு போகலாம் என்றாய். உன் மனசு யாருக்கு வரும்! கூடவே வந்த புத்தகத்தில் உலகத்து மொழிகள் எல்லாம் இருந்தன, நமக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை. படத்தில் ஒரு கை மட்டும் வந்து எல்லாவற்றையும் செய்கிறது. அந்தக் கைக்கு உடம்பு இல்லை, மூட்டுத் தேய்மானமும் இல்லை.

வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எல்லோரும் அவரை ஸ்பானர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த வட்டாரத்தில் என்னிடம் படிக்காத ஒரே மெக்கானிக் அவர்தான், அதனால் நம்பிப் போனேன். பெட்ரோல் டேங்கைக் கழற்றி ஓரமாக வைத்தார். புத்தகத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். "சார், இது என்னதான் பண்ணும்?" என்று கேட்டார். கேள்வி கேட்டுவிட்டாரே, சும்மா விடமுடியுமா? விளக்கினேன். நீ ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள். ஆசிரியர் வெளியே போக வேண்டும். வகுப்புத் தலைவனைக் கூப்பிட்டு, "இப்போ இருக்கிற சத்தம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்தத் தலைவன்தான் இந்தப் பெட்டி. சக்கரத்தில் ஒட்டிய காந்தம் எத்தனை தடவை சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே, உள்ளே ஒரு சின்ன மோட்டாரால் ஆக்சிலேட்டர் ஒயரை இழுக்கும், விடும். பிரேக் இருக்கிறதே, அதுதான் தலைமை ஆசிரியர். அவர் காலடி கேட்டதும் தலைவன் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். அந்தக் காலடிச் செய்தியைக் கொண்டுவரும் ஒயர் பின்பக்கத்து பிரேக் விளக்கு வழியாகப் போகிறது. இந்த விளக்கை அடிக்கோடிட்டு வைத்துக்கொள், பரீட்சையில் வரும். ஸ்பானர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், சிவப்பு ஒயர் எங்க போகணும், அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

ஒருவழியாகப் பொருத்தினார். பொத்தான் வைக்க இடம் இல்லாததால் ஹாரனைக் கொஞ்சம் தள்ளிவைத்து, ஹாரன் இருந்த இடத்தில் அதை வைத்தார். "பாத்து சார், பழகுற வரைக்கும்" என்றும் சொன்னார். பழகுவதற்கு எனக்கு அவகாசம் கொடுக்காமல் சலவைக் கடைப் பக்கம் ஒரு நாய் நடுச்சாலையில் படுத்திருந்தது. நான் வழக்கம்போல ஹாரன் என்று நினைத்து அழுத்தினேன். ஒதுங்கிப் போ என்று நாயிடம் சொல்ல நினைத்தால், வண்டி, இதோ வந்துவிட்டேன் என்று பாய்ந்தது. நாய் பிழைத்தது. நான்தான் ஓரமாக ஒடித்து, காயப்போட்டிருந்த போர்வைகளின் வரிசைக்குள் போய், ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வெளியே வந்து பிரேக்கைப் பிடித்தேன். சலவைக்காரர் ஓடி வந்தார். "என்ன சார், இஸ்திரி போட்டு நானே வீட்டுக்குக் கொண்டுவந்து குடுக்க மாட்டேனா? அதுக்குள்ள நீங்களே வந்து எடுத்துட்டுப் போறீங்களே!" போர்வை என்னுடையதுகூட இல்லை.

ஆனால் நேர்ச்சாலையில் ஏறியதும், அடடா! பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். வண்டி என் பாட்டுக்கு நான், உன் பாட்டுக்கு நீ என்று ஒரே சீராகப் போனது. கையை நீட்டினேன், மடக்கினேன், மூக்கைச் சொறிந்தேன். வலி இல்லை. மேடு வந்தபோதுகூடத் திணறவில்லை. ஒரு பெரிய மனிதர் விழாவுக்கு வருவது போல வந்து இறங்கினேன். உன்னை அப்போதே கூப்பிட்டு வாழ்த்த நினைத்தேன்.

உள்ளே போனால் உன் அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு மூடியபடி இருந்தது. "யாரு?" என்றாள். "உங்க வீட்டுக்காரரப் பாக்கலாம்னு வந்தேன்" என்றேன். "அவர் இன்னும் வரலையே" என்றாள்.

ஏதோ அசதி என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான், அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். "வரேன்னு சொன்னவர் வராம இருக்க மாட்டாரு. என்ன ஆச்சோ" என்று என்னிடம் கவலைப்பட்டாள். "வந்துடுவாரும்மா" என்று ஆறுதல் சொன்னேன். என்னைக் காணவில்லை என்று அழுகிறவளுக்கு நானே ஆறுதல் சொல்வது எப்படி இருக்கும் என்பதற்கு என்னிடம் உதாரணம் இல்லை. எதற்கும் உதாரணம் வைத்திருப்பவன் நான், இதற்கு இல்லை. ஒரு கவளம் ஊட்டப் போனால், "நீங்க யாரு எனக்கு ஊட்ட?" என்றாள். நியாயமான கேள்விதான். பெரிய சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், மனச திடப்படுத்திக்குங்க. மொதல்ல முகம் போச்சு. இப்போ அந்தச் சத்தமும் போயிடுச்சுன்னு நெனைக்கிறேன்" என்றார். கரும்பலகையை மேலிருந்து துடைத்துக்கொண்டே வந்தால் கடைசி வரி மட்டும் கொஞ்ச நேரம் மிஞ்சி நிற்கும் இல்லையா? அந்த வரியையும் துடைத்தாயிற்று என்று புரிந்துகொண்டேன். என் கை நாளுக்கு நாள் குணமாகிக்கொண்டு வந்தது. அவள் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு போனாள். மகளிடம் சொன்னேன். அழுதாள். "எங்ககூட வந்து இருந்துடுங்கப்பா" என்றாள். சரி என்றுகூட வாய் வரைக்கும் வந்துவிட்டது.

இப்போது நீ அடிக்கோடிட்ட விளக்கு வருகிறது. ஒருநாள் பாலத்தைத் தாண்டிப் பொத்தானை அழுத்தினேன், பெட்டி வேலை செய்யவில்லை. மறுபடியும் அழுத்தினேன், கெஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை. வேறு வழியில்லாமல் பழையபடி கையால் முறுக்கி, வலி பொறுக்காமல் விட்டு, மறுபடி முறுக்கி, நடுவில் ஓரமாக நிறுத்திக் கையை உதறினேன். பின்னால் வந்த லாரிக்காரர் சடாரென்று நிறுத்திக் கத்தினார்: "பெரியவரே, உங்க பிரேக் லைட்டே எரியல! நீங்க நிறுத்தப் போறீங்கன்னு நான் என்ன ஜோசியமா பாக்குறது?" பல்பு பியூஸ் போயிருக்கிறது. பல்பு போய்விட்டால் தலைமை ஆசிரியர் வகுப்பிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார் என்று அந்தப் பெட்டி நினைத்துக்கொள்ளுமாம், எழுந்திருக்கவே எழுந்திருக்காது. கை தெறிக்க, முனகிக்கொண்டே மேடு ஏறினேன். வாசலிலேயே பெரிய சிஸ்டர் நின்றார். "சார், சொன்னாங்க சார்! இன்னைக்குச் சொன்னாங்க!" என்றார்.

உள்ளே போனேன். தட்டு காலி. உதட்டோரத்தில் ஒரு பருக்கை. "வாங்க, உக்காருங்க" என்றாள். "வாத்தியார் வந்துட்டாரு." எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "வண்டியில வந்தீங்களா? தூசி. கண்ணாடி போட்டுக்கிட்டு ஓட்டணும். எங்க வீட்டுக்காரருக்குச் சொன்னா கேக்க மாட்டாரு, நீங்களாவது கேளுங்க" என்றாள்.

நான் அறிவியல் வாத்தியார். ஒரு தடவை நடந்ததை நம்பமாட்டேன். புது பல்பு போட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டு போனேன்: வாத்தியார் வரவில்லை. அடுத்த நாள் பொத்தானைத் தொடாமல் கையால் ஓட்டிக்கொண்டு போனேன்: வாத்தியார் வந்துவிட்டார். இரண்டையும் மறுபடி ஒவ்வொரு முறை செய்து பார்த்தேன், விடை மாறவில்லை. பட்டினி போட்டுப் பரிசோதனை செய்த பாவம் என்னைச் சேரட்டும், ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அப்புறம்தான் அவள் பழைய கிண்டல் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொல்வாள்: "பாடம் நடத்துற மாதிரியேதான் வண்டியும் ஓட்டுறீங்க. ஒரு வரி சொல்ல வேண்டியது, புரிஞ்சுதான்னு நிறுத்த வேண்டியது. அப்புறம் அடுத்த வரி." உண்மைதான். நான் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுப்பேன், விடுவேன், கொஞ்சம் கொடுப்பேன், விடுவேன். வண்டியும் என்னைப் போலவே ஒரு வாக்கியத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். என் கைதான் என் பெயர். நீ அனுப்பிய பெட்டி என்னைவிட நன்றாக ஓட்டுகிறது, திக்காமல், மூச்சு வாங்காமல், ஒரே சீராக. அவ்வளவு நன்றாக ஓட்டுகிறவர் தன் வீட்டுக்காரர் இல்லை என்று உன் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது.

நேர்ச்சாலையில் பெட்டியை ஓட்டவிட்டு, கடைசி மேட்டில் மட்டும் கையால் ஓட்டக்கூடாதா என்று கேட்பாய். மகளும் கேட்டாள். அதையும் செய்து பார்த்தேன். பாலத்திலிருந்தே அவள் காது கொடுக்கிறாள். சாலை முழுக்க வேறு யாரோ வருகிறார்கள் என்று முடிவு செய்து ஜன்னலை விட்டுத் திரும்பிவிட்டால், மேட்டில் நான் என்ன சத்தம் போட்டாலும் எடுபடவில்லை. ஊருக்குள்ளோ இருபது அடிக்கு ஒரு பிரேக், அங்கே அந்தப் பெட்டிக்கு வேலையே இல்லை. அது உதவும் இடமெல்லாம் அவள் கேட்கும் இடம்.

ஆகையால் பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டேன். கை போனால் போகட்டும். இத்தனை வருஷம் கரும்பலகைக்குக் கொடுத்த கை, மிச்சத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போகட்டும். டாக்டரை விட்டுப் பேசச்சொல்லாதே, மகளை விட்டு அழச்சொல்லாதே, நீயும் கிளம்பி வந்து வண்டிச் சாவியை ஒளித்துவைக்காதே. என்னைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத வேலை என்று இந்த உலகத்தில் இப்போது இது ஒன்றுதான் இருக்கிறது. அதையும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளாதீர்கள்.

உன் வீட்டாருக்கு என் அன்பைச் சொல். குழந்தைகளுக்கு என் ஆசி: எல்லாக் கேள்விக்கும் விடை எழுதட்டும், தெரியாததை விட்டுவிட்டு வரும் தைரியமும் அவர்களுக்கு இருக்கட்டும். எழுத்து கோணலாக இருப்பதற்கு மணிக்கட்டு பொறுப்பு, நீளமாக இருப்பதற்கு நான் பொறுப்பு.

என்றும் உன் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. நானே அடித்திருப்பேன், கை வலிக்கிறது.

தபாலில் போடுவதற்கு முன் வண்டியை ஸ்பானரிடம் விட்டேன். பெட்டியைக் கழற்ற நேரமாகும் போலிருந்தது. "நீங்க பஸ்ல முன்னாடி போங்க சார். நான் கழட்டிட்டு, ஓட்டிப் பாத்த மாதிரியும் இருக்கும், வண்டிய அங்கயே கொண்டுவந்து குடுத்துடுறேன்" என்றார். போனேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது பாலத்தின் பக்கம் சத்தம் கேட்டது. கொஞ்சம் கொடுக்கும், மூச்சு வாங்கும், கொஞ்சம் கொடுக்கும், மூச்சு வாங்கும். என் கையைப் பார்த்தேன். அது என் மடியில், அவள் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வண்டியைக் கொண்டுவந்த ஸ்பானரிடம் அப்புறம் கேட்டேன். "இந்த வண்டிய யார் ஓட்டுனாலும் இப்படித்தான் இருமும் சார். கார்புரேட்டர்ல எப்பவோ புடிச்ச அழுக்கு. ஒரே சீரா பிடிச்சா தெரியாது, கையால குடுத்து விட்டா இருமும். சுத்தம் பண்ணிடட்டுமா? அஞ்சு நிமிஷ வேலை." தம்பி, என் பணிக்காலம் முழுவதும் ஒரு மாணவனிடம்கூட நான் சொல்லாததை அவரிடம் சொன்னேன்: "அதத் தொட்டீங்க, கைய ஒடச்சுடுவேன்." என்னிடம் படிக்காதவர்தானே, பரவாயில்லை.

ஆக, என் பரிசோதனை தப்பு. வண்டியை மாற்றாமல் ஓட்டுகிறவரை மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். அவள் ஞாபகம் வைத்திருந்தது என் கையை இல்லை, கார்புரேட்டர் அழுக்கை. இனி நான் பஸ்ஸில் முன்னால் போகிறேன், மத்தியானம் யாராவது ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தால் போதும். ஸ்பானர் முடிந்த நாளெல்லாம் வருகிறேன் என்கிறார். என்னைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத வேலை என்று எழுதினேன் அல்லவா, அந்த வரியை மட்டும் இரண்டு தடவை அடித்துவிடு.

வருத்தப்படுவேன் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் அவள் முகம் நிமிர்ந்தது. நெற்றிச் சுருக்கம் எல்லாம் போய், உதட்டைக் கடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தாள். இத்தனை வருஷம் நான் வீடு திரும்பிய ஒவ்வொரு நாளும் அந்த முகம் அப்படித்தான் இருந்திருக்கும். நான் எப்போதும் வண்டியில் இருந்ததால் ஒருநாளும் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா, சொன்னேன்ல? வாத்தியார் வந்துட்டாரு" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். "வந்துட்டாரு."